ஏலம் விடவும் லைசென்ஸ் வேணுமா? அமெரிக்காவில் 80 மணி நேர வகுப்பு... நம்ம ஊர்ல என்ன ரூல்ஸ்?

2024 நவம்பர், சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரம். ஐபிஎல் மெகா ஏலத்தில் ரிஷப் பந்த் பெயர் வந்தது. லக்னோ அணி 27 கோடி ரூபாய் வரை போனது. மேடையில் நின்ற மல்லிகா சாகர் சுத்தியலைத் தட்டினார். ஐபிஎல் வரலாற்றிலேயே அதிக விலை!

ஏலம் முடிந்ததும் வீரர்களைப் பற்றி பேசிய அளவுக்கு, ஏலம் விட்டவரைப் பற்றியும் பலர் தேடினார்கள். இதுக்குன்னு படிப்பு இருக்கா? அரசாங்கம் லைசென்ஸ் தருமா? யார் வேணும்னாலும் சுத்தியலை எடுத்து தட்டிடலாமா?

நீங்கள் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், என்ன பொருளை ஏலம் விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். தமிழில் 'ஏலதாரர்' என்றால் ஏலம் விடுபவரா, எடுப்பவரா என்ற குழப்பம் வேறு உண்டு. எனவே இந்தக் கட்டுரை முழுக்க 'ஏலம் விடுபவர்' என்றே சொல்வோம்.

லைசென்ஸ் எதுக்கு?

'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று சத்தமாகச் சொல்வதற்கா லைசென்ஸ்? இல்லை. விஷயம் பணத்தில் இருக்கிறது.

ஒரு விவசாயி தன் பழைய டிராக்டரை ஏலத்துக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பணத்தை நேராக விவசாயியிடம் கொடுப்பதில்லை, ஏலம் விடுபவரிடம்தான் கட்டுவார். அவர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை சில நாள் கழித்து விவசாயிக்குத் தருவார். இடையில் இருக்கும் அந்த சில நாட்கள்தான் ஆபத்தான காலம். பணத்தை அவர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டால்? கம்பெனியே திவாலாகிவிட்டால்? டிராக்டரும் போச்சு, பணமும் போச்சு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட்டத்தில் தன் ஆளையே நிறுத்தி, விலையை ஏற்றிவிடுவது. வாங்க வந்தவர் போட்டி இருப்பதாக நினைத்து கூடுதலாகக் கேட்பார். உண்மையில் எதிரே போட்டியாளரே இருக்க மாட்டார்.

இந்த இரண்டையும் தடுக்கத்தான் பல இடங்களில் லைசென்ஸ், வகுப்பு, தேர்வு எல்லாம்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான லைசென்ஸ் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. டெக்சாஸ் ஒரு நல்ல உதாரணம். கால்நடை, பண்ணைக் கருவிகள், வீட்டுச் சாமான்கள் என எல்லாமே ஏலத்துக்கு வரும் மாநிலம் அது. அங்கே ஏலம் விட வேண்டுமென்றால் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏலப் பள்ளியில் குறைந்தது 80 மணி நேரம் படித்திருக்க வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். லைசென்ஸ் கொடுப்பது அந்த மாநிலத்தின் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை.

ஆமாம், ஏலம் விடுவதற்கென்றே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மூச்சு விடாமல் பாட்டு மாதிரி விலை சொல்லும் அமெரிக்க ஸ்டைல் ஏல வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேச்சுப் பயிற்சியும் அங்கே பாடம்தான். நாக்கு பிறழாமல் இருக்க, நம்ம ஊர் 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' மாதிரி அவர்கள் மொழியில் உள்ள வாக்கியங்களை மணிக்கணக்கில் சொல்லிப் பழகுகிறார்கள்.

பார்க்க ஜாலியாக இருப்பது அந்தப் பகுதி. லைசென்ஸ் கொடுக்கும் துறைக்கு முக்கியமாகப் படுவது மற்ற பாடங்கள்: ஒப்பந்தம் எழுதுவது, விளம்பரத்தில் என்ன சொல்லலாம், கணக்கு வைப்பது, அடுத்தவர் பணத்தை தன் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைப்பது.

லைசென்ஸ் வாங்கியாச்சு... அப்புறமும் படிக்கணுமா?

டெக்சாஸில் படிக்கத்தான் வேண்டும். புதுப்பிக்கும்போது 6 மணி நேர தொடர் கல்வி முடித்ததாகக் காட்ட வேண்டும். வடக்கு கரோலினா மாநிலத்திலும் முதலில் 80 மணி நேர வகுப்பு, பிறகு ஆண்டுக்கு 4 மணி நேர தொடர் கல்வி. கென்டக்கியிலும் தொடர் கல்வி கட்டாயம்.

இருபது வருஷமா ஏலம் விடுறவருக்கு புதுசா என்ன சொல்லித் தரப் போறாங்க என்று தோன்றலாம். ஆனால் இந்த இருபது வருஷத்தில்தான் தொழிலே தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு கூட்டத்தில் கை தூக்கினால் கணக்கு. இப்போது பாதிப் பேர் செல்போனில் இருந்து கேட்கிறார்கள். நெட் பாதியில் கட் ஆனால் அந்தக் கேள்வி செல்லுமா? வேறு மாநிலத்தில் இருந்து வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் எங்கே வழக்குப் போடுவது? துப்பாக்கி, பழைய மருந்து பாட்டில், யானைத் தந்தம் போன்றவை வீட்டுச் சாமான்களோடு கலந்து வந்தால் விற்கலாமா? தந்தம் தொடர்பான அமெரிக்க விதிகள் 2016-ல் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன்பு படித்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் 4 மணி நேர, 6 மணி நேர வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்களும் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஏமாற்ற முடிவு செய்துவிட்டவரை வகுப்பு திருத்தாது. அதனால்தான் டெக்சாஸ், வடக்கு கரோலினா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: இழப்பீட்டு நிதி. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கட்டும் பணத்தில் இருந்து ஒரு நிதி. லைசென்ஸ் பெற்ற ஒருவர் ஏமாற்றியது உறுதியானால், பாதிக்கப்பட்டவருக்கு குறிப்பிட்ட வரம்பு வரை அதிலிருந்து பணம் கிடைக்கும். எங்களைக் கேட்டால், இந்த மொத்த ஏற்பாட்டிலேயே சாதாரண மக்களுக்கு நேரடியாக உதவுவது இதுதான். ஒரு நிபந்தனை: லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்து ஏமாந்தால் இந்த நிதி உதவாது.

லைசென்ஸே வேண்டாம் என்ற இடங்கள்

எல்லா மாநிலமும் டெக்சாஸ் மாதிரி இல்லை. கலிபோர்னியா இந்த லைசென்ஸ் முறையை 1990-களிலேயே கைவிட்டுவிட்டது. இப்போது அங்கே ஏலம் விடுபவர் 20,000 டாலருக்கான உத்தரவாதப் பத்திரத்தை மாநிலச் செயலர் அலுவலகத்தில் கொடுத்தால் போதும். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. ஏதாவது தவறு நடந்தால், அந்தப் பத்திரத்தில் இருந்து பாதிக்கப்பட்டவர் கேட்கலாம்.

நியூயார்க் நகரம் 2022-ல் ஏலம் விடுபவர் லைசென்ஸையே ரத்து செய்தது. கோடிக்கணக்கான டாலருக்கு ஓவியங்கள் விற்பனையாகும் ஊர் அது. சிறு தொழில்களுக்கு தேவையில்லாத கெடுபிடிகளைக் குறைக்கிறோம் என்ற பெயரில் நடந்த மாற்றத்தில் இதுவும் சேர்ந்து போனது. கலைப்பொருள் சந்தையில் வெளிப்படைத்தன்மை குறையும் என்று அப்போதே விமர்சனம் வந்தது.

பிரான்ஸ் நேர் எதிர். அங்கே ஏலம் விடுபவர் ஆக சட்டம், கலை வரலாறு இரண்டும் படித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகு பயிற்சிக் காலம் என்று போகும்.

சரி, இந்தியாவில்?

எல்லாப் பொருளுக்கும் பொதுவான 'ஏலம் விடுபவர் லைசென்ஸ்' என்று இந்தியாவில் எதுவும் கிடையாது. 80 மணி நேர வகுப்பும் இல்லை, தொடர் கல்வியும் இல்லை. மல்லிகா சாகரும், அவருக்கு முன் ஐபிஎல் ஏலம் நடத்திய ஹியூ எட்மீட்ஸும் கிறிஸ்டீஸ் என்ற சர்வதேச கலை ஏல நிறுவனத்தில் அனுபவம் பெற்று வந்தவர்கள்.

ஆனால் ஏலத்துக்கு சட்டம் இருக்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு. சுத்தியல் விழும்போது, அல்லது வழக்கமான வேறு முறையில் அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரை ஏலம் கேட்டவர் தன் கேள்வியை வாபஸ் வாங்கலாம். விற்பவரே, அல்லது அவர் ஆள் வைத்து ஏலம் கேட்க வேண்டுமென்றால், அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். விலையை ஏற்றுவதற்காக பொய்யாக ஏலம் கேட்டது தெரிந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அமெரிக்கச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே விதிதான்.

சில பொருட்களுக்கு மட்டும் இங்கேயும் லைசென்ஸ் உண்டு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் ஏலம் அதில் ஒன்று. போடியிலும் கேரளாவின் புத்தடியிலும் நடக்கும் இ-ஏலத்தை நடத்துவது ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் பெற்றவர்கள். 1987-ல் வந்த ஏலக்காய் உரிம விதிகளின்படி இந்த லைசென்ஸ் கொடுக்கப்படுகிறது. டெக்சாஸ் விவசாயியின் டிராக்டர் கதைதான் இங்கேயும்: தோட்டக்காரர் காயைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வியாபாரி தரும் பணம் ஏல நிறுவனம் வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். நடுவில் இருப்பவர் யார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்தில் தேயிலை வாரியத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. மீன் ஏலத்துக்கு கேரளா 2021-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

உங்க நகை ஏலத்துக்குப் போனால்?

நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் சந்திக்கும் ஏலம், அடகு வைத்த நகைதான். அங்கே ஏலம் விடுபவருக்கு தேர்வு கிடையாது. அதற்குப் பதிலாக, கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2025 ஜூனில் புதிய விதிகள் வெளியாகின. இவற்றை 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

கடனைக் கட்டச் சொல்லி முதலில் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். உங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், பொது அறிவிப்பு கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் ஏலம். வீடு மாறினால், போன் நம்பர் மாறினால் கடன் வாங்கிய இடத்தில் சொல்லிவிடுங்கள். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏல அறிவிப்பு குறைந்தது இரண்டு பத்திரிகைகளில் வர வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை. முதல் ஏலம் நேரடி ஏலமாக இருந்தால், கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனமோ அதன் தொடர்புடையவர்களோ அந்த ஏலத்தில் கேட்கக் கூடாது.

குறைந்தபட்ச விலையும் உண்டு. உங்கள் நகையின் அப்போதைய மதிப்பு 2 லட்சம் ரூபாய் என்றால், ஏலத்தின் ஆரம்ப விலை அதில் 90 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு ஏலத்திலும் யாரும் எடுக்காவிட்டால் மட்டும் 85 சதவீதம், அதாவது 1,70,000 வரை குறைக்கலாம்.

நகை 1,85,000 ரூபாய்க்குப் போகிறது, நீங்கள் கட்ட வேண்டிய மொத்த பாக்கி 1,50,000 என்று வையுங்கள். மீதி 35,000 ரூபாய் உங்களுடையது. ஏலப் பணம் முழுதாக வந்து சேர்ந்த 7 வேலை நாட்களுக்குள் அதை உங்களுக்குத் தர வேண்டும். எவ்வளவுக்குப் போனது, எவ்வளவு பிடித்தார்கள் என்ற முழு விவரமும் தர வேண்டும். 'ஏலம் போயிடுச்சு, கணக்கு முடிஞ்சுது' என்று வாயால் சொல்லி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள், கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு தரவில்லை, அல்லது நோட்டீஸே வராமல் நகை போய்விட்டது என்றால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கொடுத்ததற்கான அத்தாட்சியை பத்திரமாக வையுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் எதுவும் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.