சீ.ஆர். கொப்பியிலிருந்து சேர்வர் வரை: சஹனாவின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த மாரி வெள்ளத்தின்போது நமது ஊர் இளைஞர்கள் செய்த முயற்சி பலருக்கும் தெரியும். தண்ணீர் புகுந்த வீடுகளின் விபரங்களைப் போனிலிருந்தே பதிவதற்கு, என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மூன்று இரவு கண்விழித்து ஒரு இணையச் செயலியை எழுதினான். பள்ளிவாசல் மேல்மாடியில் அவனுடைய லெப்டொப்பில் போட்டுக் காட்டியபோது எல்லாம் அழகாக வேலை செய்தது. அன்றிரவே வாடகை சேர்வர் ஒன்றில் ஏற்றி, லிங்கை ஊர் குழுமங்களுக்கெல்லாம் அனுப்பினோம். விடியும்போது இருநூறுக்குக் கிட்டப் பதிவுகள் வந்திருந்தன. திறந்து பார்த்தால் தமிழில் எழுதப்பட்ட அத்தனை பெயரும் கேள்விக்குறிகள். ????? ?????? என்று வரிசையாக.

அவன் முகம் வெளிறிப் போனது. "சேர், எண்ட லெப்டொப்புல நல்லா வேல செஞ்சிச்சே" என்றான்.

அந்த வசனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரிய பங்கு நமது நாட்டுக்கும், நமது கரைக்கும் உரியது. இதை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கடல் வந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் அதைக் கண்ணால் கண்டவர்கள் இதை வாசிப்பீர்கள். நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர். ஆக அதிகமான இழப்பு நமது அம்பாறை மாவட்டத்தில். நான் சொல்ல வருவது அடுத்த நாள் காலையைப் பற்றி.

கடலுக்குத் தூரமாக இருந்த பாடசாலைகளெல்லாம் முகாம்களாயின. நான் அப்போது ஆசிரியத் தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம். அதிபர் என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தந்து, வருகிறவர்களின் பெயரை எழுதச் சொன்னார். குடும்பத் தலைவர், எத்தனை பேர், எந்த ஒழுங்கை, யார் காணாமல் போனது. கோடு போட்டு எழுதினேன். மத்தியானம் கிராம சேவகர் வந்து அதே விபரத்தைத் தன் படிவத்தில் எழுதினார். பின்னேரம் ஒரு நிறுவனம் வந்து தன் படிவத்தில் எழுதியது. அடுத்த நாள் இன்னொரு நிறுவனம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அதே கேள்விக்கு நாலாவது தடவை பதில் சொன்னதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாலு பட்டியலும் நாலு இடத்துக்குப் போயின. ஒன்று மற்றதைக் கண்டதில்லை.

அந்தத் தாயின் மகன் உயிரோடுதான் இருந்தான். நாலு கிலோமீற்றருக்கு அப்பால் வேறொரு முகாமில். அங்கிருந்த பட்டியலில் அவன் பெயர் வாப்பாவின் முதலெழுத்தோடு ஆங்கிலத்தில் இருந்தது. எனது கொப்பியில் தமிழில், வீட்டில் கூப்பிடும் பெயரோடு. ஆறாம் நாள் உழவு மெஷின் ஓட்டும் ஒருவர் தற்செயலாகக் கண்டு கூட்டி வந்தார். பட்டியல்களால் அவன் கிடைக்கவில்லை என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

இதே நாட்களில் கொழும்பில் வேறொரு கூட்டம் இதே பிரச்சினையைப் பார்த்துக் கொண்டிருந்தது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சுற்றியிருந்த மென்பொருள் தொண்டர்கள் அவர்கள். கலாநிதி சஞ்சீவ வீரவர்ண, சமிந்திர டி சில்வா போன்றவர்கள் இதில் முன்னின்றார்கள். அவர்கள் சொந்த வேலையைப் போட்டுவிட்டு இரவு பகலாக ஒரு இணையச் செயலியை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த முகாமுக்கு என்ன தேவை என்ற கோரிக்கைப் பதிவு. நாலும் ஒரே இடத்தில். அதற்கு வைத்த பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். (நமது கலியாண வீட்டு சஹனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பலர் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்பதுதான் இதன் எண்ணமும் என்பதால், எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.)

செயலியை எழுதுவது பாதி வேலை. அதை ஒரு சேர்வரில் ஏற்றி, முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே நேரத்தில் பாவிக்கும்படி ஓட வைப்பது மற்றப் பாதி. வீட்டில் ஐந்து பேருக்குச் சோறாக்கத் தெரிந்தவர் ஐந்நூறு பேரின் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும்போது அரிசியின் அளவு மட்டுமா மாறுகிறது? பானை, விறகு, பரிமாறும் ஆள், சோறு முடிந்தால் என்ன செய்வது என்ற யோசனை, எல்லாமே வேறு. சஹனா ஓடியது லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி இணைய சேர்வர், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகிய நான்கின் மேல். நான்குமே இலவசமாகக் கிடைப்பவை, மூலநிரல் திறந்தவை. விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கு அனுமதிப் பத்திரம் எடுக்கக் காத்திருந்தால் மாரி முடிந்திருக்கும்.

அப்பாச்சி 1995இல் வெளிவந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் ஒன்றில் எழுதப்பட்ட பழைய சேர்வரைத் திருத்தித் திருத்திப் பாவித்தவர்கள், தங்கள் திருத்தங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கியது. அந்த அப்பாச்சி அமைப்பின் திட்டங்களுக்கு நம் நாட்டவர்கள் சுனாமிக்கு முன்பே நிரல் எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே சுனாமி வந்தபோது கொழும்பில் இந்தக் கைகள் தயாராக இருந்தன. சும்மா கிடைத்த அதிஷ்டமல்ல அது.

அரசு அப்போது கொழும்பில் தேசிய நடவடிக்கை நிலையம் ஒன்றை அமைத்திருந்தது. சஹனா அங்குதான் பயன்பாட்டுக்கு வந்தது.

இனி மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் என் மாணவனின் கேள்விக்குறிகள் இங்கேதான் பிறந்தன. 2004இல் நம்மில் எத்தனை பேர் யுனிகோட் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தோம்? எனது வினாத்தாள்களெல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை போல் வரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யுனிகோட் வசதி வந்த 4.1ஆம் பதிப்பு முழுமையாக வெளியானதே 2004 ஒக்டோபரில், சுனாமிக்கு இரண்டு மாதம் முன்புதான். அதற்குப் பிறகும், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தத் தரவுத்தளம் மேற்கைரோப்பிய எழுத்துக்களைத்தான் எதிர்பார்க்கும். அதை உருவாக்கியது ஒரு சுவீடன் நிறுவனம்; வரிசைப்படுத்தும் முறையும் இயல்பாகவே சுவீடிஷ் மொழிக்குரியது. 2018இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் அது மாறியது. என் மாணவனின் லெப்டொப்பில் இருந்தது புதிய பதிப்பு. வாடகை சேர்வரில் இருந்தது பழையது. தமிழ் எழுத்தைக் கண்ட பழைய தரவுத்தளம் அதற்குத் தன்னிடம் இடமில்லாததால் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்தது. இப்படி மாறியதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. அந்தப் பெயர்கள் சேர்வரில் எங்குமே எழுதப்படவில்லை.

ஆங்கிலத்தில் எழுதினால் தப்பித்துக் கொள்ளலாமா? நமது பெயர்களைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். முஹம்மது என்ற ஒரு பெயரை எனது வகுப்பு இடாப்பிலேயே ஐந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று. முதலெழுத்து மூன்று இருந்தால் ஒன்றை விட்டுவிடுவார்கள். சஹனாவைத் தொடர்ந்து வளர்த்தவர்கள் எழுத்துக்கூட்டல் வேறானாலும் ஓசை ஒத்த பெயர்களைத் தேடித் தரும் முறையையும் அதில் சேர்த்தார்கள். அந்தத் தாயின் மகன் விடயத்தில் அது உதவியிருக்குமோ என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. எனது கொப்பி எந்தக் கொம்பியூட்டருக்குள்ளும் ஏறாததால் உதவியிருக்காது என்பதுதான் நேர்மையான பதில். மின்சாரமும் போனும் இல்லாத இடத்தில் பெயர்கள் கடதாசியில்தான் நின்றன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சஹனாவை நமது நாட்டின் பெருமை என்று சொல்லும்போது, அவசரத்தில் எழுதப்பட்ட முதல் வடிவம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது போல் சிலர் பேசுகிறார்கள். பேரழிவு நடந்த பிறகு எழுதத் தொடங்கிய மென்பொருள், ஆக முக்கியமான முதல் நாட்களுக்கு எப்படிக் கைகொடுக்கும்? தேசிய நடவடிக்கை நிலையமும் சில வாரங்களில் மூடப்பட்டது. செய்தவர்கள் இதை உணர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் நிதியோடு (மறுபடியும் சுவீடன்!) அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். இம்முறை இலங்கைக்கு மட்டுமல்ல, எந்த நாட்டிலும் எந்த மொழியிலும், அழிவு வரும் முன்பே தயாராக வைத்திருக்கக்கூடியதாக. பெரிய சேர்வர் இல்லாவிட்டால் ஒரு லெப்டொப்பையே சேர்வராக்கி முகாமுக்குள் ஓட வைக்கலாம்; பிறகு மற்ற இடத்துத் தரவோடு சேர்க்கலாம்.

அந்தத் தயாரிப்புக்குச் சோதனை உடனே வந்தது. 2005 ஒக்டோபர் 8, பாகிஸ்தான் நிலநடுக்கம். அங்கு 73,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அந்நாட்டின் தேசிய அடையாள அட்டை நிறுவனமான நாட்ராவோடு சேர்ந்து சஹனா அங்கு நிறுவப்பட்டது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டே மண்சரிவு. அதே வருடம் மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம். நமது துயரத்தில் பிறந்த மென்பொருள் இந்த மூன்று இடங்களுக்கும் போனது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சமூக நன்மைக்காகக் கொடுக்கும் விருதை 2005க்கு விக்கிப்பீடியா பெற்றது. 2006க்கு சஹனா. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பாவிக்கப்பட்டது.

பணமிருந்தால் இந்தச் சிக்கல்கள் வராது என்று நினைக்க வேண்டாம். 2005 ஓகஸ்டில் அமெரிக்காவை கத்ரீனா புயல் தாக்கியபோது காணாமல் போனோரைத் தேட ஆளுக்கொரு இணையத்தளம் முளைத்தது. எமது நாலு பட்டியல்களின் கதைதான், கடதாசிக்குப் பதிலாகத் திரையில். பட்டியல்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது வடிவத்தை அதன்பிறகே வகுத்தார்கள். 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க அரசு மருத்துவக் காப்புறுதிக்காகத் திறந்த இணையத்தளம் இன்னும் மோசம். கோடிக்கணக்கான டொலர் செலவு. இலட்சக்கணக்கானோர் ஒன்றாக வந்ததும் திணறியது. முதல் நாள் முழுவதும் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர். ஆறே பேர்! இதை என் மாணவனுக்குச் சொன்னபோதுதான் அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

பிறகு இருவரும் உட்கார்ந்தோம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். சேர்வரில் இருக்கும் பதிப்பும் உன் லெப்டொப்பில் இருக்கும் பதிப்பும் ஒன்றா? தரவின் பிரதி ஒவ்வொரு இரவும் வேறு இடத்தில் சேமிக்கப்படுகிறதா, அந்தப் பிரதியிலிருந்து ஒரு தடவையாவது திருப்பி எடுத்துப் பார்த்தாயா? கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறாயா? (எழுதி வைத்திருந்தான்.) கணவனை இழந்த பெண்களின் வீட்டு விபரமும் தனியாக நிற்கும் பிள்ளைகளின் விபரமும் லிங்க் கிடைத்த எவருக்கும் தெரியுமா? இந்தக் கடைசிக் கேள்வியில் நான் கொஞ்சம் கடுமையாகவே நின்றேன். சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுப்பதையே அரசு நிறுத்தி வைக்க வேண்டி வந்ததை அந்தக் காலத்தில் முகாமில் நின்றவர்கள் மறக்க மாட்டார்கள். பட்டியல் யார் கையில் போகிறது என்பது சின்ன விடயமல்ல.

இரண்டு மாதம் எடுத்துத் திருத்தியிருக்கிறான். இப்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம், வீட்டில் கூப்பிடும் பெயருக்குத் தனி இடம் உண்டு. போன் வேலை செய்யாவிட்டால் நிரப்புவதற்கு அதே வரிசையில் அச்சடித்த படிவமும் வைத்திருக்கிறோம்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. மழையில்லை, வெள்ளமில்லை, சும்மா ஒரு சோதனை. குறைந்தது நூறு பேராவது ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்று அவன் கேட்கிறான், சேர்வர் தாங்குமா என்று பார்க்க. ஒழுங்கைக்கு ஐந்து பேராவது போனோடு வாருங்கள். உம்மாமார், வயதானவர்களையும் கூட்டி வாருங்கள். அவர்களால் பதிய முடியாவிட்டால் பிழை செயலியில்தான். பெயரை நீங்கள் வழமையாக எழுதுவது போலவே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

எனது பழைய சீ.ஆர். கொப்பியையும் கொண்டு வருகிறேன். அதிலுள்ள பெயர்களைத்தான் முதலில் பதியப் போகிறோம்.