வெங்காயத்தூளும் மயிலிட்டிச் செம்மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த ஊர் மயிலிட்டி. கரையிலே வலையும் வள்ளமும்; சற்று உள்ளே நடந்தால் செம்மண் தோட்டங்கள். இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான துன்பம் ஒன்றுண்டு. கிடைக்கும்போது குவியும், வைத்திருந்தால் அழுகும். மீனைக் கருவாடாக்கலாம். வெங்காயத்தை என் செய்வது?

அதற்கும் நம் பெண்கள் வழி கண்டிருந்தனர். சின்ன வெங்காயத்தை வேப்பம்பூ, உழுந்து, செத்தல் மிளகாய் ஆகியவற்றோடு சேர்த்து வடகமாக்கி வெயிலில் உலர்த்தினர். இன்று போத்தலில் விற்கப்படும் வெங்காயத்தூள் அவ்வடகத்துக்குத் தூரத்து உறவினது எனலாம். ஆயின் அது வளர்ந்த கதை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்குக் கனமற்ற, கெடாத உணவு தேவைப்பட்டது. காய்கறியின் நீரை அகற்றும் தொழில் அதனாலே பெருகிற்று. பிற்காலத்தில் குஜராத்தின் மகுவா என்னும் ஊர் வெங்காயம் உலர்த்துவதில் பேர்பெற்றது.

பெரிய வெங்காயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு நீர். சின்ன வெங்காயத்தில் 80 பங்கு. உலர்த்தினால் முன்னதில் 11 பங்கும் பின்னதில் 20 பங்கும் எஞ்சும். தூளுக்குச் சின்ன வெங்காயமே ஏற்றதென்று தோன்றும். உரிப்பவரைக் கேட்டால் கணக்கு மாறும்!

ஒரு தேக்கரண்டித் தூளின் நிறை ஏறத்தாழ 2.5 கிராம், அதில் 8 கலோரியளவே உண்டு. அதனைச் சத்துணவென்று புகழ்வது மிகை. வெப்பத்தால் வைட்டமின் சி ஒரு பகுதி அழியும். பொட்டாசியம் முதலிய தாதுக்கள் தங்கும். சுவையை மிகுப்பதால் உப்பைக் குறைத்துச் சமைக்கலாம் என்பதே மெய்யான நன்மை. இரத்த அழுத்தமுடைய நேயர்கள், உப்புக் கலந்த 'வெங்காய உப்பு' என்பதைத் தூளென்று எண்ணி வாங்கிவிடலாகாது.

சூப்புக்கும், பொரிப்பதற்குமுன் மீனிலும் இறைச்சியிலும் பூசும் கூட்டுக்கும் தூள் நன்கு உதவும். சம்பலுக்கு உதவாது. பச்சை வெங்காயத்தை நறுக்கும்போது அதிலுள்ள நொதி செயற்பட்டு எழுப்பும் காரம், அம்மியிலன்றிப் போத்தலில் கிடைப்பதன்று. ஈரக் கரண்டி பட்டால் தூள் கட்டியாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

மயிலிட்டிக்கு மீள்வோம். 1970இல் அமைந்த அரசு வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நிமிர்ந்தனர். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தபோது விலை சரிந்தது. விளைந்ததை வைத்திருந்து விற்க வழியற்றவனே அதில் முதலில் அடிபட்டான். அக்காலத்தில் தூளாக்கும் தொழில் இங்கு வேரூன்றியிருந்தால் இழப்பிற் சிறிதேனும் தடுக்கப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

1990இல் வந்த இழப்போ எந்தத் தூளாலும் தடுக்கக்கூடியதன்று. அவ்வாண்டு போரினால் ஊரே பெயர்ந்தது. நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நம் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் விதை தூவிப் பயிரிடுவதில்லை; சென்ற போகத்துக் காயையே பிடிபிடியாகக் கட்டித் தூக்கி வைத்து, மறுபோகத்தில் ஊன்றுவர். அக்காய் சில மாதங்களே உறங்கும். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது. காணிகள் அதன் பின்னரும் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இடையில் சென்றவை 27 ஆண்டுகள். இடம்பெயர்ந்த ஊரில் நிலம் கிடைத்து, போகந்தோறும் ஊன்றிக் காத்தவர் நீங்கலாக, மற்றவர் தம் முதற் பாத்திக்கு விதைவெங்காயத்தை அயலூரில் விலைக்கே வாங்கவேண்டியிருந்தது.