அரிமளத்துப் பழைய மனைகள்

1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த அரிமளம் நம் நகரத்தார் ஊர்களுள் ஒன்றென்பது அன்பர்கள் அறிந்ததே. இன்று யாவரும் வியப்பது தேக்குத்தூண் மாளிகைகளையே. அவை பெரும்பாலும் பர்மா வியாபாரத்தின் விளைவு. அதற்கு முன் இப்பக்கத்து மனை செம்புறைக்கல்லாற் சுவரெழுப்பி ஓலை வேய்ந்ததாம். வெட்டுங்கால் மெதுவாயிருந்து, காற்றுப்படப்பட இறுகுவது அக்கல். சுவருக்கு அதனினும் ஏற்றது யாது? கூரைதான் அடிக்கடி மாற்ற வேண்டுவது, தீக்கும் எளிதில் இரையாவது.

பொருள் பெருகவே ஓடு வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என மனை நீண்டது. புள்ளிக்குப் புள்ளி அறையும் அடுப்பும் வேறாயின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் வருவாய் குன்றிற்று. பங்காளிகள் பலராகிச் செப்பனிடுவார் இன்மையால், தூணும் கதவும் பெயர்த்து விற்கப்படுகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிற் சேர்ந்தன. ஆயினும் விற்பனை நின்றபாடில்லை. விலை பேசுமுன் பங்காளிகள் ஒருமுறை கூடிப் பேசலாகாதா?