அறிவின் வாயிலும் அதன் காவலரும்

விஞ்ஞானத்துக்கு இனமில்லை, நாடில்லை, ஆண் பெண் என்ற பேதமில்லை என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இயற்கையின் விதிகளைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையே. ஆனால், அவ்விதிகளை ஆராயுங் கூடங்களின் வாயிலிற் காவல் நிற்போர் மனிதர்கள். அவர்களுக்குச் சட்டமுண்டு, வழக்கமுண்டு, விருப்பு வெறுப்புமுண்டு. ஒரே வாழ்நாளில் இருவேறு காரணங்களால் அவ்வாயில் அடைக்கப்பெற்ற ஒரு கணித மேதையின் வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

எமி நோதர் என்னும் அவ்வம்மையார் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் மக்ஸ் நோதர் அந்நகரப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியர். ஆயினும், மகள் அங்கு மாணவியாகப் பதிவுபெற முடியவில்லை. பெண்களைச் சேர்த்தால் கல்வி ஒழுங்கு முழுவதும் குலையும் என 1898இல் அப்பல்கலைக்கழகப் பேரவை கருத்துரைத்திருந்தது. எனவே, ஆசிரியரிடம் அனுமதி வேண்டிப் பெற்று, விரிவுரைகளைக் கேட்பவராக மட்டும் நோதர் அமர்ந்தார். 1904இல் தடை நீங்கிப் பதிவுபெற்றார். 1907இற் கலாநிதிப் பட்டத்துக்கான தேர்விற் சித்தியெய்தினார். பின்னர் ஏழாண்டுகள் வேதனம் எதுவுமின்றி அங்கேயே ஆராய்ந்தும் கற்பித்தும் வந்தார்.

1915இல் கணித மேதைகளான ஹில்பேட்டும் கிளைனும் அவரைக் கேற்றிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தனர். ஆங்கும் எதிர்ப்பு எழுந்தது. போர்முனையிலிருந்து மீளும் வீரர்கள் ஒரு பெண்ணிடம் பாடங் கேட்பதா எனச் சில பேராசிரியர்கள் வினவினராம். இது பல்கலைக்கழகமேயன்றிக் குளிக்குமிடம் அன்று என்பது ஹில்பேட்டின் விடை எனக் கூறுவர். இறுதியில் ஹில்பேட்டின் பெயரால் விரிவுரைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றை நிகழ்த்தியவர் நோதர்.

இவ்வாறு பிறர் பெயரின் நிழலில் நின்ற காலத்திலேதான், 1918இல், அவர் தமது புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவினார். இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் மாறாதிருப்பின் சக்தி காக்கப்படும்; இங்கும் அங்கும் மாறாதிருப்பின் உந்தம் காக்கப்படும் என்பன அத்தேற்றத்தின் வழிவந்த பேறுகள். இக்காலப் பௌதிகம் அதனைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

அதே ஆண்டின் இறுதியில் ஜேர்மனியில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு தோன்றியது. 1919இல் நோதர் தம் சொந்தப் பெயரால் விரிவுரை நிகழ்த்தும் உரிமை பெற்றார். 1923இலேயே சிறிய வேதனமும் கிடைத்தது. அட்சரகணிதத்துக்குப் புதுவடிவு தந்த அவரை நாடி ஒல்லாந்து, சோவியத்து நாடு, சீனம் முதலிய தேசங்களிலிருந்து அறிஞரும் மாணவரும் வந்தனர்.

1933 ஏப்ரலில் நாசி அரசு புதிய சட்டமொன்றை இயற்றி, யூதரை அரசாங்கப் பதவிகளிலிருந்து விலக்கிற்று. நோதரும் விலக்கப்பட்டார். அவர் சினங்கொள்ளாது தம் இல்லத்திலே மாணவரைக் கூட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார்; நாசிப் படையின் சீருடையுடன் வந்த மாணவனையும் முகங்கோணாது ஏற்றார் என்பர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிறின்மார் மகளிர் கல்லூரி அவருக்கு இடமளித்தது. ஆனால், 1935 ஏப்ரல் 14ஆம் நாள், சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து, தமது 53ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1904இலோ 1919இலோ நோதரின் அறிவு திடீரென வளரவில்லை. 1933இல் அது குன்றவுமில்லை. மாறியவை சட்டங்களே. வாயிலைத் திறந்ததும் அரசியல், அடைத்ததும் அரசியல். "எமக்கு ஆராய்ச்சி போதும், அரசியல் வேண்டா" என ஒதுங்கிய அறிஞர், தம் வீட்டுக் கதவின் திறவுகோலைப் பிறர் கையில் ஒப்படைத்தவராயினர்.

நோதருக்குப் பேராசிரியரான தந்தை இருந்தார். பரிந்துரைக்க ஹில்பேட் இருந்தார். இவ்விரு துணையுமின்றி அதே வாயிலில் நின்று, திரும்பிச் சென்ற பெண்கள் எத்தனைபேர்? அவர்கள் நிறுவியிருக்கக்கூடிய தேற்றங்கள் எந்த நூலிலும் இல்லை. அந்த இழப்பு அவர்களுடையது மட்டுமன்று, நம் அனைவருடையதுமாம்.