மூளையுறைக் காய்ச்சலின் வரலாறு

பெரியம்மை, காலரா, பிளேக் முதலிய கொள்ளைநோய்களின் கதை நமக்குப் பழக்கமானது. கொல்லும் வேகத்தில் அவற்றுக்குச் சற்றும் இளைக்காத வேறொரு நோயின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைத் தாக்குவதால் இதற்கு மூளையுறைக் காய்ச்சல் என்று பெயர். இவ்வுறையைத் தாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் பெருங்கொள்ளைநோயாக எழும் வல்லமை மிகுந்தது மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமி. காலையில் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்த பிள்ளை, மாலைக்குள் கழுத்து விறைத்து, நினைவு தப்பி, மேனியில் செம்புள்ளிகள் தோன்றி, மறுநாள் பொழுது விடியுமுன் மாண்டுபோவதும் உண்டு.

மருத்துவ ஏடுகளில் இந்நோய் தெளிவாக இடம்பெற்றது 1805-ஆம் ஆண்டில். ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா நகரில் அவ்வாண்டு இளவேனிற்காலத்தில் அது பரவி 33 பேரைக் கொண்டுபோயிற்று. அந்நகர மருத்துவர் வியூஸ்ஸோ என்பவர் தாம் கண்ட குறிகளை ஒழுங்காக எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பகுதியிலும் அது தலைகாட்டியது. பெயரும் குறியும் தெரிந்தனவே தவிர, காரணம் தெரியவில்லை. குருதியை வெளியேற்றுவதும் பேதிக்குக் கொடுப்பதுமே அக்காலத்து வைத்தியம். நோயிலிருந்து தப்பியவர்கள் அந்த வைத்தியத்திலிருந்தும் தப்பியவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

1887-இல் வியன்னா நகரத்து வைக்ஸெல்பௌம் என்ற அறிஞர், நோயாளிகளின் மூளையுறை நீரில் அவரைவிதை இரண்டை முகமுகமாக வைத்தாற்போல் இணை இணையாகக் கிடந்த கிருமியைக் கண்டறிந்தார். நான்காண்டு கழித்து ஜெர்மனியில் குவின்கே என்பவர், உயிருள்ள நோயாளியின் இடுப்பெலும்புகளிடையே ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். இறந்த பின்னர் அறிந்ததை இனி இருக்கும்போதே அறியலாம் என்றாயிற்று.

அறிந்தால் போதுமா? 1904, 1905-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் நோய் மூண்டபோது, பிடிபட்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அப்போது ஸைமன் பிளெக்ஸ்னர் என்பவர் குதிரைகளுக்கு இக்கிருமியைச் சிறிது சிறிதாக ஊசியேற்றி, அவற்றின் குருதியில் எதிர்ப்பாற்றல் விளைந்த பின் அதிலிருந்து ஸீரம் எடுத்தார். அதை நாளத்தில் செலுத்தாமல், குவின்கே காட்டிய வழியே தண்டுவட உறைக்குள் நேராகச் செலுத்தினார். நோய் கண்டறியும் ஊசியே நோய் தீர்க்கும் ஊசியும் ஆயிற்று. 1913-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஸீரம் பெற்ற ஏறத்தாழ 1,300 பேரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 31 அளவே. இவ்வெற்றியில் அந்தக் குதிரைகளுக்கு உரிய பங்கை எந்த நூலும் போதிய அளவு பாராட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

1930-களில் ஸல்பா மருந்துகள் தோன்றின. அவற்றை அடுத்துப் பென்ஸிலின் வந்தது. ஸீரம் மறைந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர் முகாம்களில் ஸல்பா மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்தே நோயைத் தடுத்துவிட்டார்கள். முகாம்களுக்கும் இந்நோய்க்கும் அப்படியென்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். இக்கிருமி நலமாயிருப்போர் பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் ஒரு தொல்லையும் செய்யாமல் குடியிருப்பது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கிளவர் என்ற மருத்துவர் படைவீடுகளை ஆராய்ந்து, கட்டில்கள் நெருங்க நெருங்கக் கிருமியைத் தாங்குவோர் தொகை ஏறுவதையும், இரண்டரை அடி இடைவெளி விட்டால் அது இறங்குவதையும் காட்டினார். மருந்தில்லாக் காலத்தில் இடைவெளியே மருந்தாக இருந்தது.

1963-இல் ஸல்பாவுக்கு அடங்காத கிருமி அமெரிக்க முகாம்களில் பரவத் தொடங்கியது. இனித் தடுப்பூசிதான் வழி. ஆனால் தொண்டையில் கிருமியைத் தாங்கும் அத்தனை பேரில் ஒருசிலர் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்கள்? இதற்கு விடைகண்ட ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். நியூ ஜெர்ஸியிலுள்ள டிக்ஸ் கோட்டைக்குப் பயிற்சிக்கு வந்த ஏறக்குறைய 15,000 இளைஞர்களிடம், வந்த உடனேயே சிறிது குருதி எடுத்துச் சேமித்துவைத்தார்கள். பின்னர் காத்திருந்தார்கள். நோயுற்றவர்களில் 54 பேரின் பழைய குருதியை எடுத்துச் சோதித்தபோது, கிருமியைக் கொல்லும் ஆற்றல் மூவரின் குருதியில் மட்டுமே இருந்தது. நோயுறாதவர்களிலோ நூற்றுக்கு 82 பேரிடம் இருந்தது. குருதியில் அவ்வாற்றல் இருந்தால் கிருமி தொண்டையோடு நின்றுவிடும். இல்லாவிடில் உள்ளே புகுந்துவிடும். 1969-இல் வெளிவந்த இவ்வாய்வில் பங்குகொண்ட காட்ஷ்லிக் என்பவர், கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் போர்வையைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசி செய்தார். படைவீரர்களுக்கு அது பயன்பட்டது. கைக்குழந்தைகளிடத்தோ அதன் ஆற்றல் மிகக் குறைவு. பெரியவர்களிடத்தும் சில ஆண்டுகளே நிலைத்தது.

இந்நோயால் மிகவும் துன்புற்றோர் அமெரிக்க வீரர்கள் அல்லர். ஸெனிகல் முதல் எத்தியோப்பியா வரை, ஸஹாரா பாலைவனத்தின் தென்கரையோரம் குறுக்கே ஒரு நிலப்பட்டை கிடக்கிறது. 1963-இல் லாபேஸொனி என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அதற்கு மூளையுறைக் காய்ச்சல் பட்டை என்றே பெயரிட்டார். பாலைவனத்திலிருந்து புழுதியுடன் ஹர்மத்தான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் நோய் எழும். முதல் மழை விழுந்ததும் அடங்கும். 1996-லும் அதற்கடுத்த ஆண்டிலும் அங்கே 2,50,000 பேர் நோயுற்றனர். 25,000 பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலருக்குச் செவி போயிற்று.

சர்க்கரைப் போர்வையை ஒரு புரதத்தோடு பிணைத்தால் குழந்தைகளையும் காக்கும் தடுப்பூசி கிடைக்கும் என்பதை அறிஞர்கள் அப்போதே அறிந்திருந்தனர். 1999-இல் பிரிட்டன் தன் குழந்தைகளுக்கு ஸி வகைக் கிருமிக்கெதிராக அத்தகைய ஊசியைப் போடவும் தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவைக் கொன்றுகொண்டிருந்தது ஏ வகை. அதற்கு ஊசி செய்தால் வாங்குவோர் ஏழைகள். ஆதலின் பெருநிறுவனங்கள் முன்வரவில்லை. குறைபாடு விஞ்ஞானத்தில் இல்லை, விலையில்தான் இருந்தது என்பதை நேயர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். 2001-இல் உலகச் சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் கூடி ஒரு திட்டம் தொடங்கின. அதன் தலைவர் மார்க் லாஃபோர்ஸ் ஆப்பிரிக்க அதிகாரிகளிடம் முதலில் கேட்டது, எவ்வளவு கொடுக்க முடியும் என்பதே. அரை டாலருக்குக் குறைவாக என்று விடை வந்தது. விலையை முதலில் குறித்துக்கொண்டு மருந்தைப் பின்னர் தேடிய விந்தை அது!

அந்த விலைக்குச் செய்ய இசைந்தது நம் நாட்டில் புனே நகரிலுள்ள ஸீரம் நிறுவனம். புரதத்தோடு பிணைக்கும் முறையை அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடம் அளித்தது. புரதமோ, நமக்குப் பழக்கமான ரணஜன்னித் தடுப்பு மருந்திலுள்ளது. 2010 டிசம்பரில் பர்க்கினா பாஸோ நாட்டில் ஊசி போடத் தொடங்கிப் பத்தே நாட்களில் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்குப் போட்டு முடித்தார்கள். சாட் நாட்டில் 2012-இல் ஊசி போட்ட பகுதிகளையும் போடாத பகுதிகளையும் ஒப்பிட்டபோது, போட்ட இடங்களில் நோய் நூற்றுக்கு 94 பங்கு குறைந்திருந்தது. 40 டிகிரி வெப்பத்திலும் நான்கு நாள் கெடாது என்று சோதனையில் தெரிந்தமையால், பனிப்பெட்டி செல்லாத சிற்றூர்களுக்கும் அது சென்றது. 30 கோடிக்கும் மேலான மக்கள் அதைப் பெற்றனர். 2017-க்குப் பின் அப்பட்டையில் ஏ வகை நோய் ஒன்றுகூட உறுதிப்படவில்லை.

ஏ வகை விலகிய இடத்தில் வேறு வகைகள் வராமலில்லை. 2015-இல் நைஜர் நாட்டில் ஸி வகை பெருகி ஆயிரக்கணக்கானோரைப் பீடித்தது. நம் டில்லியிலும் 1966, 1985, 2005-ஆம் ஆண்டுகளில் இந்நோய் எழுந்ததுண்டு. ஐந்து வகைகளையும் ஒருங்கே தடுக்கும் ஊசியைப் புனே நிறுவனம் ஆக்கியது; அதை 2024-இல் முதன்முதலில் பயன்படுத்திய நாடு நைஜீரியா. அவ்வைந்தில் பி வகை சேரவில்லை. அதன் சர்க்கரைப் போர்வை மனித நரம்புகளிலுள்ள பொருளை ஒத்திருப்பதால், நம் உடல் அதைப் பகையென்று உணர்வதில்லை. ஆகவே பி வகைக்குப் புரதங்களைக்கொண்டு வேறு முறையில் ஊசி செய்தார்கள். 2015 முதல் பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது.