பாதி ஊர் காலியானது, அப்புறம்? பம்பாய் பிளேக் சொல்லும் கதை

2020 மார்ச் கடைசியில நாம எல்லாரும் பார்த்த ஒரு காட்சியை ஞாபகப்படுத்திக்கோங்க. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, நெடுஞ்சாலை ஓரமா நடந்து போய்க்கிட்டே இருக்கிற கூட்டம். அப்போ டிவியிலயும் ஃபேஸ்புக்லயும் நிறைய பேர் ஒண்ணு சொன்னாங்க: "இவங்க இனிமே சிட்டிக்கு திரும்பி வர மாட்டாங்க. பெரிய நகரங்களோட காலம் முடிஞ்சுது."

இதே பேச்சு 124 வருஷத்துக்கு முன்னாடி பம்பாயிலும் ஓடியது. இன்றைக்கு அந்தக் கதைதான்.

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாண்ட்வி என்று ஒரு பகுதி. தானிய கிடங்குகளும், அவற்றின் மேலேயும் பக்கத்திலும் நெருக்கியடித்த வீடுகளும் நிறைந்த இடம். அங்கே காய்ச்சலும் நெறிகட்டியும் வந்த ஒரு நோயாளியைப் பார்த்த டாக்டர் அகாசியோ வியேகாஸ், இது பிளேக் என்று அறிவித்தார். ஹாங்காங்கில் 1894-ல் பரவிய அதே நோய்.

ஜனங்க என்ன செஞ்சாங்க? கிளம்பிட்டாங்க. ரயிலில், படகில், நடந்தே. கொங்கண் கரைக்கு, தக்காணத்துக்கு, குஜராத்துக்கு. 1891 கணக்கெடுப்பின்படி பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. 1897 பிப்ரவரிக்குள் அதில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் வெளியேறிவிட்டதாக அன்றைய கணிப்பு. கிட்டத்தட்ட பாதி ஊர்!

அவர்கள் நோய்க்கு மட்டும் பயந்து ஓடவில்லை, சர்க்காருக்கும் பயந்து ஓடினார்கள். வீடு வீடாகப் புகுந்து சோதனை. நோயாளி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு, கூட இருந்தவர்கள் முகாமுக்கு. தெருவுக்கும் சாக்கடைக்கும் கிருமிநாசினி. இருட்டறைக்குள் வெளிச்சம் வரவேண்டும் என்று கூரையில் ஓட்டை. சில வீட்டுச் சுவர்களில் "யு.ஹெச்.ஹெச்." என்று மூன்று எழுத்து எழுதினார்கள். மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப வரமாட்டோம் என்ற வதந்தி பரவி, 1896 அக்டோபரில் ஏறக்குறைய ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். 1897 பிப்ரவரியில் அதிகாரிகளுக்கு இன்னும் பெரிய அதிகாரம் தர தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா வந்தப்போ நம்ம ஊர்ல எடுத்து தூசி தட்டினாங்களே, அதே சட்டம்தான்.

ஆள் கிடைக்காத ஊரில் கூலி

தொழிலாளர்கள் போனதும் மில்கள் திண்டாடின. அதுவரைக்கும் மாசச் சம்பளத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, தாமதமாகத்தான் கொடுப்பார்கள். ஓடிப்போகாமல் இருக்க அதுதான் கயிறு. 1897-ல் அந்தக் கயிறு அறுந்தது. தெருமுனையில் நின்று ஆள் பிடித்து, அன்றன்றைக்கே கூலி கொடுக்கும் நிலைக்கு மில்காரர்கள் வந்தார்கள். சில மாதங்களுக்கு பேரம் பேசும் பலம் தொழிலாளி கையில் இருந்தது.

மழைக்காலம் நெருங்கியபோது நோய் தணிந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் பிளேக் மறுபடி வந்தது, மறுபடி ஒரு கூட்டம் கிளம்பியது. இப்படி வருஷா வருஷம். போறதும் வர்றதும் அந்த ஊரோட மூச்சு மாதிரி ஆயிடுச்சு.

இந்த நேரத்தில்தான் 1901 கணக்கெடுப்பு வருகிறது. தேதி மார்ச் 1. அதாவது, பம்பாயில் பிளேக் உச்சத்தில் இருக்கிற மாதங்கள். கிடைத்த எண் 7,76,006. பத்து வருஷத்தில் 45 ஆயிரம் பேர் குறைவு. இந்த எண்ணை மட்டும் பார்த்தா, "ஆமா, நகரம் சுருங்குது"னுதான் தோணும்.

ஆனா மாநகராட்சிக்கே அந்த எண் மேல முழு நம்பிக்கை இல்லை. 1906-ல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வந்த எண் 9,77,822. ஐந்தே வருஷத்தில் 2 லட்சம் கூடுதல்! இதெல்லாம் பிறந்த குழந்தைகள் இல்லை. 1901-ல் எண்ணும்போது ஊரில் இல்லாதவர்களும், அதன் பிறகு வேலை தேடி வந்தவர்களும்தான் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். 1918 இன்ஃப்ளுயன்சா சமயத்திலும் இதேதான். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்தியாவின் மொத்த மக்கள்தொகையே கொஞ்சம் குறைந்தது. பம்பாய் மட்டும் 9.79 லட்சத்திலிருந்து 11.76 லட்சமாக வளர்ந்தது.

காரணம் ரொம்ப சாதாரணம். கிராமத்தில் நிலம் இல்லை, கடன் இருக்கிறது. மில்லில் கூலி இருக்கிறது. பிளேக் அதை மாற்றவில்லை.

நோய் போனது, திட்டம் தங்கியது

அப்போ பிளேக் பம்பாயை மாத்தவே இல்லையா? மாத்துச்சு. ஆனா மக்கள் எண்ணிக்கையில இல்லை, யார் எங்க வாழலாம்ங்கிறதுல.

1898-ல் சட்டம் போட்டு பம்பாய் நகர இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். நெரிசலான இடங்களை இடிப்பது, அகலமான ரோடு போடுவது, ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டுவது, வடக்கே புதிய நிலத்தைத் திறந்துவிடுவது, இதெல்லாம் அதன் வேலை. குழுவில் மில் முதலாளிகள், வியாபாரிகள், துறைமுகம் ஆகிய தரப்புகளுக்கு இடம் இருந்தது. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இல்லை.

திட்டத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. அழுக்கும் இருட்டும் அடைபட்ட காற்றும்தான் பிளேக்குக்குக் காரணம் என்ற நம்பிக்கை. அதனால் மேற்கிலிருந்து கடல் காற்று உள்ளே வரட்டும் என்று பிரின்சஸ் தெருவையும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டையும் நெரிசலுக்கு நடுவே வெட்டினார்கள். இன்றைய முகமது அலி ரோடு, அப்போது சிடன்ஹாம் ரோடு என்ற பெயரில் டிரஸ்ட் போட்டதுதான்.

இதுல ஒரு முரண் பாருங்க. டிரஸ்ட் பிறந்த அதே 1898-ல், கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். அப்போது பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்த இன்னும் பல வருஷம் ஆனது. அதற்குள் கடப்பாரை வேலையை ஆரம்பித்துவிட்டது.

முதலில் இடித்த இடங்களில் ஒன்று நாக்பாடா. வீடு போனவர்கள் எங்கே போவார்கள்? வேலை பக்கத்தில்தானே இருக்கிறது. அடுத்த சந்துக்குப் போனார்கள். அங்கே வாடகை ஏறியது, ஓர் அறையில் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். நெரிசலைக் குறைக்க வந்த திட்டம், நெரிசலைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளியது. முதல் இருபது வருஷத்தில் டிரஸ்ட் கட்டியதை விட இடித்ததுதான் அதிகம்.

அதுக்காக எல்லாமே வீண்னு சொல்லிட முடியாது. டிரஸ்ட் கட்டிய சால்கள் இன்றைக்கும் மும்பையில் நிற்கின்றன. நீளமான பொது வராண்டா, வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் கழிப்பறை. காற்றும் வெளிச்சமும் பழைய வீடுகளை விட எவ்வளவோ மேல். பரேலில் அப்படி ஒரு இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சாலில், இரண்டே அறைகளில் பல வருஷம் குடியிருந்து படித்தவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

வடக்கே திறந்துவிட்ட நிலத்தின் கதை வேறு. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை போட்டு, ரோடும் மரமுமாக ஒழுங்கான குடியிருப்புகளுக்கு டிரஸ்ட் திட்டம் தீட்டியது. அங்கே குடியேறியது நாக்பாடாவில் வீடு இழந்த கூலிக்காரர் அல்ல, மாசச் சம்பளக்காரர். 1920, 30-களில் மெட்ராஸ் ராஜதானியிலிருந்து குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் போன தமிழர்கள் நிறைய பேர் மாட்டுங்காவில்தான் வாடகைக்குப் பிடித்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனா ஃபில்டர் காபியும் பூக்கடையும் கோயிலும் பார்த்து "அட, மயிலாப்பூர் மாதிரி இருக்கே"னு தோணும் இல்லையா? அந்த மாட்டுங்காவோட வரைபடம் ஒரு பிளேக் பயத்துல போட்டது.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2020-ல் நடந்து போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிட்டார்கள், 1897-ல் வந்த மாதிரியே. ஆனால் ஒரு வித்தியாசம். பம்பாய்க்காரர்கள் 1901-ன் எண்ணைச் சந்தேகப்பட்டு ஐந்தே வருஷத்தில் மறுபடி எண்ணினார்கள். நமக்கு 2021-ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது. இடையில் போட்ட குடிநீர்த் திட்டம், பஸ் ரூட், ரேஷன் கணக்கு எல்லாத்துக்கும் அடிப்படை 2011-ன் எண்கள்தான்.

அதனால அடுத்த தடவை "இந்த ஏரியா சுகாதாரக் கேடு, காலி பண்ணணும்"னு யாராவது சொன்னா, இரண்டே இரண்டு கேள்வி கேளுங்க. அங்க இருக்கிறவங்களை யாராவது சரியா எண்ணினாங்களா? காலி பண்ணப்புறம் அவங்க எந்தச் சந்துக்குப் போவாங்க? 1898-ல அந்த டிரஸ்ட் குழுவில இதைக் கேட்க ஆள் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.