இணைய அங்காடி இடமாற்றம்

இணைய அங்காடி இடமாற்றம் என்பது சோதனைக் கணினியில் உருவாக்கப்பட்ட இணையவழி விற்பனைத் தளம் ஒன்றை, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடி வழங்கிக்கு மாற்றும் பணியாகும். சோதனையின்போது சரியாக இயங்கிய தளம் மாற்றிய பின் பழுதடைவது பரவலாகக் காணப்படுகிறது. நிரல் மாறாதிருக்க, அது இயங்கும் சூழல் மாறிவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். வெற்றுப் பக்கம் போன்ற பழுதுகள் உடனே கண்ணில் படும். பணம் பெறப்பட்டும் கொள்முதல் ஆணை பதிவாகாமை போன்றவை புலப்படாமல் நிகழ்வதால் கூடுதல் இழப்பை ஏற்படுத்துகின்றன.

பின்னணி

நிரற்கோப்புகள், தரவுத்தளம், பொருட்களின் படங்கள், அமைப்புக் கோப்பு ஆகியவை ஓர் இணைய அங்காடியின் முதன்மைப் பகுதிகள். 2000இல் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ், 2008இல் வெளியான மஜெண்டோ, 2011இல் வெளியான வூகாமர்ஸ் ஆகிய திறந்த மூல மென்பொருட்கள் பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்டவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவை. இவற்றால் சிறு வணிகர்களும் சொந்தத் தளம் அமைக்க முடிந்தது.

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை நகரில் இருந்து, அம்மாவட்டத்தின் ஆரணியில் நெய்யப்படும் பட்டுப் புடவைகளை விற்கும் ஒரு கடையைக் கொள்ளலாம். அதன் தளம் கடையிலுள்ள விண்டோஸ் கணினியில் உருவாக்கப்பட்டு, தொலைவிலுள்ள லினக்ஸ் வழங்கியில் ஏற்றப்படுகிறது எனின், பின்வரும் பழுதுகள் தோன்றக்கூடும்.

பொதுவான பழுதுகள்

* வெற்றுப் பக்கம் அல்லது 500 என்னும் வழு: நேரடி வழங்கியில் வழுச் செய்திகள் பயனருக்குக் காட்டப்படுவதில்லை. காரணத்தை வழங்கியின் வழுப் பதிவேட்டில் காணலாம். தரவுத்தளக் கடவுச்சொல் மாற்றப்படாமை, பிஎச்பி பதிப்பு வேறுபாடு ஆகியன அடிக்கடி காணப்படும் காரணங்கள்.
* முகப்பு திறந்து ஏனைய பக்கங்கள் 404 வழுவைத் தருதல்: முகவரிகளை மீளெழுதும் விதிகள் புதிய வழங்கியில் செயற்படாமையால் ஏற்படலாம்.
* படங்கள் தோன்றாமை: கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழமையாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும்.
* கோப்புகளை எழுத இயலாமை: கோப்பு அனுமதிகள் தவறாக இருத்தல் காரணம். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்னும் அமைப்பு பழுதை மறைத்தாலும் பாதுகாப்பைக் கெடுக்கும். பொதுவாகக் கோப்புகளுக்கு 644, அடைவுகளுக்கு 755 போதுமானது.

எழுத்துக் குறியாக்கமும் நேரமும்

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இயல்பான குறியாக்கம், 2018இல் 8.0 பதிப்பு வெளிவரும்வரை லத்தீன்-1 ஆகவே இருந்தது. எனவே பழைய தரவுத்தளத்தை மாற்றும்போது புடவைகளின் தமிழ்ப் பெயர்கள் சிதையக்கூடும். பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் தோன்றினால் மூலத் தரவைப் பெரும்பாலும் மீட்கலாம். தரவுத்தளத்திலேயே கேள்விக்குறிகளாக மாறியிருப்பின் மூல எழுத்துகள் அழிந்துவிட்டன. முந்தைய காப்பு நகலே வழியாகும்.

பல வழங்கிகள் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. கார்த்திகை தீபத்திற்கான தள்ளுபடி நள்ளிரவில் முடிய வேண்டியிருக்க, நேர வலயம் திருத்தப்படாத தளத்தில் அது மறுநாள் காலை 5:30 வரை நீடிக்கும்.

கட்டணப் பதிவு

வாடிக்கையாளர் பணம் செலுத்தியதைக் கடைக்குத் தெரிவிக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, கட்டண நுழைவாயிலில் இருந்து உலாவி மீண்டும் கடையின் பக்கத்திற்குத் திரும்புதல். மற்றொன்று, நுழைவாயிலின் வழங்கி கடையின் வழங்கிக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்புதல்.

முழுநிலவு நாளில் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் செல்லும் ஒருவர், அலைபேசி வழியே புடவை வாங்குவதாகக் கொள்வோம். பணம் செலுத்தியவுடன் இணைப்பு அறுந்தால் உலாவி கடைக்குத் திரும்பாது. அப்போது இரண்டாவது அறிவிப்பே கடைக்கு எட்டும். அறிவிப்பு முகவரி இன்னும் சோதனைக் கணினியையே சுட்டுமாயின் அதுவும் எட்டாது. பணம் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். கடையில் ஆணை இருக்காது.

இந்திய ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, இணையவழி அட்டைப் பரிமாற்றத்தில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதிப்படுத்தல் கிட்டாவிடின், ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திருப்பப்பட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனினும் நுழைவாயிலில் வெற்றியெனப் பதிவான பணம் கடையின் கணக்கைச் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே நுழைவாயிலின் பட்டியலையும் கடையின் ஆணைப் பட்டியலையும் நாள்தோறும் ஒப்பிடுதல் கடைக்காரரின் பொறுப்பாகும்.

ஆள்களப் பெயர் மாற்றம்

ஆள்களப் பெயர் புதிய வழங்கியைச் சுட்டுமாறு மாற்றப்பட்டாலும், சில பயனர்கள் சிறிது காலம் பழைய வழங்கியையே அடைவர். இரு வழங்கிகளிலும் ஆணைகள் ஏற்கப்பட்டால் பதிவுகள் பிளவுபடும். மாற்றுவதற்கு முன் பழைய தளத்தின் விற்பனையை நிறுத்துவதும், பெயர்ப் பதிவின் வாழ்நேரத்தை முன்கூட்டியே குறைப்பதும் இதனைத் தவிர்க்கும்.

சோதிக்கும் ஒழுங்கு

1. காப்பு நகல் எடுத்து, அதனை மீட்க முடிகிறதா எனப் பார்த்தல்.
2. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றத்தைக் குறித்து வைத்தல்.
3. சோதனைக்கான கட்டணத் திறவுகோல்களை நீக்கி நேரடித் திறவுகோல்களை இடுதல்.
4. விலை குறைந்த பொருள் ஒன்றை உண்மையாகவே வாங்கி, ஆணை, இருப்பு, மின்னஞ்சல், பணம் திருப்புதல் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
5. மீண்டும் வாங்கி, பணம் செலுத்தியவுடன் உலாவியை மூடிவிட்டு, ஆணை பதிவாகிறதா எனப் பார்த்தல்.

ஐந்தாவது சோதனை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மேற்கூறிய புலப்படாத பழுதை வாடிக்கையாளர் சந்திக்குமுன் கண்டறிய இது உதவுகிறது.

இவற்றையும் பார்க்க

* வழங்கி
* மின்வணிகம்
* ஒருங்குறி
* ஆரணி